‘டென்ஷன் ஆகாதீங்கம்மா’ என்றால் தீர்ந்துவிடுமா?

வாசகர் கேள்விகளுக்கு டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் சர்க்கரை நோய் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் சர்க்கரையை விட்டுவிட்டு வேறொன்றைத்தான் கேட்கின்றன. கம்பம், கூடலூர், போடி, குமுளி, வண்டன்மேடு என்று தமிழ்நாடு–கேரள எல்லை மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்தவை, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘டென்ஷன்’ என்ற சொல் இருக்கிறது. அதனால் இந்த முறை அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

வயது 38. தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். மூன்றரைக்கு எழுந்தால்தான் சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு ஆறு மணி ஜீப்பைப் பிடிக்க முடியும். திரும்பி வர இருட்டிவிடும். இரண்டு குழுவில் கடன், வாரத்தில் இரண்டு நாள் தவணை. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, வயிறு மட்டும் பெருக்கிறது, படுத்தால் தூக்கம் இல்லை. டாக்டரிடம் காட்டினேன், “ஒண்ணும் இல்ல, டென்ஷன் ஆகாதீங்கம்மா” என்று அனுப்பிவிட்டார். டென்ஷனால் மாதவிலக்கு நிற்குமா?
— வாசகி, கம்பம்

நிற்கும், தங்கச்சி. ஆனால் உங்களுக்கு நின்றதற்கு அதுதான் காரணமா என்று பரிசோதனை பண்ணாமல் யாரும் சொல்லக் கூடாது, அந்த டாக்டரும் சரி, நானும் சரி. முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. 38 வயதில் அது இருக்காது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். அப்புறம் ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டுக்கு டி.எஸ்.எச்., முடிந்தால் புரோலாக்டின் என்ற ஹார்மோன், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, படபடப்பும் மூச்சு வாங்குவதும் களைப்பும் அதனாலேயே வரலாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, அதாவது உங்கள் ஜீப்பில் கூட உட்கார்ந்து வருகிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இருக்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், களைப்பு, தூக்கமில்லை என்று வந்த ஒரு அம்மாவிடம் நானும் இதே வரியைச் சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வேறொருவர் பார்த்தபோது அவருக்குத் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்து போயிருந்தது. அந்த எட்டு மாதமும் ‘மனசை அடக்கத் தெரியலையே’ என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வரியை நான் யாரிடமும் சொல்வதில்லை.

சரி, பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருந்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் ‘ஒண்ணும் இல்லை’ என்று ஆகிவிடாது. நீங்கள் தூரில் குனிந்து காய் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பாம்பு நெளிகிறது. அடுத்த நொடியே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வேர்க்கிறது, எட்டிக் குதிக்கிறீர்கள். அந்த வேகத்தைக் கொடுத்தது அட்ரினலின் என்ற ஹார்மோன். இரண்டு சிறுநீரகத்தின் உச்சியிலும் குல்லா வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இருந்து, நரம்பு வழியாக வந்த உத்தரவுக்கு அது உடனே பாய்கிறது. கொஞ்சம் பின்னால் அதே சுரப்பியில் இருந்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. அதற்கு உத்தரவு மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் கிளம்பி, அதை ஒட்டியிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்தில் இறங்கி வர வேண்டும் என்பதால் சில நிமிடம் ஆகும், ஆனால் வந்தால் சீக்கிரம் போகாது. ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும், அவசரமில்லாத வேலைகளை எல்லாம் நிறுத்தி வைக்கும்.

பாம்பு போய்விட்டால் கால் மணி, அரை மணியில் உடம்பு அடங்க ஆரம்பித்துவிடும். உங்கள் பாம்பு போகவில்லை. மூன்றரை மணி அலாரம், ஜீப்பை விட்டுவிடுவோமோ என்ற பயம், தவணைக்குப் பணம், வீட்டுக்கு வந்ததும் காத்திருக்கும் பாத்திரம் என்று அது நாள் முழுக்கக் காலடியிலேயே கிடக்கிறது. கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்பைத் தினமும் பார்க்கிறீர்கள். வளைவில் ஃபர்ஸ்ட் கியரில் இழுத்தால்தான் ஏறும், ஏறி முடித்ததும் டிரைவர் கியரை மாற்றிவிடுவார். மாற்றாமல் சமதளத்திலும் அதே கியரில் நாள் பூரா ஓட்டினால் இன்ஜின் தாங்காது. மான்ட்ரியலில் வேலை பார்த்த ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936-இல் எலிகளில் இதைத்தான் கண்டு எழுதினார். குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும் விளைவு ஒரே மாதிரி இருந்தது: அட்ரினல் பெருத்தது, இரைப்பையில் புண் வந்தது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது. அளவு மீறிய உடலுழைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மனக்கவலை மட்டும் இல்லை, உங்கள் உடம்பு படுகிற பாடும் சேர்த்துத்தான் கணக்கு.

மாதவிலக்கும் அதே ஹைப்போதலாமஸின் கையில்தான் இருக்கிறது. அது விட்டு விட்டு அனுப்பும் ஒரு ஹார்மோன் சமிக்ஞையால்தான் பிட்யூட்டரி வேலை செய்து சினைப்பையில் முட்டை முதிர்கிறது. உடம்பு ஆபத்தில் இருக்கிறது, சாப்பாடு போதவில்லை, தூக்கம் இல்லை என்று தெரிந்தால் அந்தச் சமிக்ஞை மந்தமாகிவிடும். இப்போது ஒரு கருவைச் சுமக்கும் நிலையில் இல்லை என்று உடம்பே தள்ளிப்போடுகிற மாதிரி. முட்டை வெளிவராது, மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றே போகும். வயிறு பெருப்பதிலும் கார்டிசாலுக்குப் பங்கு உண்டு, அது கொழுப்பை இடுப்புக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும், தூக்கம் குறைந்தால் பசியும் கூடும். ஒன்று மட்டும் பாருங்கள்: முகம் உருண்டையாகி, வயிற்றில் கருஞ்சிவப்புக் கோடுகள் விழுந்து, குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தொடையில் பலமில்லை என்றால் அது வெறும் டென்ஷன் இல்லை, கார்டிசால் நோயாகவே கூடியிருக்கலாம், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

என்ன செய்யலாம்? தியானம் பண்ணுங்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. மூன்றரைக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்காவது படுத்தாக வேண்டும், அதற்கு வழி வீட்டில் இருக்கிற மற்றவர்களிடம்தான் இருக்கிறது. இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: ராத்திரிப் பாத்திரத்தையும் காலைச் சோற்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் அந்த அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும், அதற்கு ஈடான மாத்திரை என்னிடம் இல்லை. காலையில் வெறும் கட்டன் டீயோடு மலையேறாதீர்கள், ஒரு முட்டையோ கடலையோ வயிற்றில் போகட்டும்.

அப்புறம் கடன். மருத்துவப் பக்கத்தில் இது எதற்கு என்று யாராவது கேட்கலாம், உங்கள் ரத்தத்தில் கார்டிசாலை ஏற்றுவது இது என்றால் இதற்குத்தான் முதலில் மருந்து. உங்களுடையது மாதிரியான சிறு கடன்களுக்கு, அதாவது நுண்கடன்களுக்கு, ரிசர்வ் வங்கி விதித்த விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தவணை கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாது, மிரட்டவோ கேவலமாகப் பேசவோ கூடாது, வீட்டின் எல்லாத் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள், தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேளுங்கள். மூன்றாவது கடன் வாங்கி முதல் கடனை அடைக்கும் வேலையை மட்டும் ஆரம்பிக்காதீர்கள், தங்கச்சி.

வயது 54. கம்பத்தில் வீடு, வண்டன்மேடு பக்கம் மூன்று ஏக்கர் ஏலம். காய் விற்கிற நாளில் பி.பி. 170 வரை போகிறது, மற்ற நாளில் 145. இனிப்பே தொடுவதில்லை, சர்க்கரையும் ஏறுகிறது. டென்ஷன் பி.பி.க்கு மாத்திரை தேவையில்லை, விலை ஏறினால் தானாக இறங்கும் என்கிறார் நண்பர்.
— சிறு விவசாயி, கம்பம்

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள் ஐயா. உங்கள் கவலையின் அளவு எனக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் வண்டன்மேட்டு ஏல விற்பனையில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது, பிறகு மூன்றே வருடத்தில் ஆயிரத்தைத் தொடவே தவித்தது. அப்படி ஒரு பயிரை வைத்திருப்பவர் திரையில் விலை ஓடும்போது அமைதியாக உட்கார்ந்திருக்க முடியாது. அட்ரினலின் ரத்தக்குழாய்களை இறுக்கும், அதனால் பி.பி. ஏறும். சர்க்கரைக்கும் அதுதான் கதை. நீங்கள் இனிப்பைத் தொடாவிட்டாலும் ஈரல் தன் கையிருப்பில் இருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும், ஓடுவதற்கோ அடித்துக்கொள்வதற்கோ தேவைப்படும் என்று. நீங்களோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். செலவாகாத அந்தச் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றுகிறது, கார்டிசால் வேறு இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகிறது.

ஆனால் ஏறுகிற பி.பி. எதனால் ஏறியது என்று இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தெரியாது. மற்ற நாளிலேயே 145 என்றால் அது இயல்பு இல்லை, 140-க்கு மேல் தொடர்ந்து இருந்தாலே உயர் ரத்த அழுத்தம்தான். ஒரு வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தாண்டுகிறதா, மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 6.5-ஐத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், நம் நாடு உட்பட 52 நாடுகளில் மாரடைப்பு வந்த சுமார் 11,000 பேரை மாரடைப்பு வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். வேலையில் ஓயாத மன அழுத்தம் என்று சொன்னவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது. புகையிலை, பி.பி., சர்க்கரை, கொழுப்பு என்று மற்றவையும் அந்த ஆய்விலேயே இருக்கின்றன, ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் ஆபத்து பெரிதாகிறது.

எல்லையில் இருப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பு, குமுளியில் ஒரு டாக்டர், கம்பத்தில் ஒரு டாக்டர், இரண்டு சீட்டிலும் பி.பி. மாத்திரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டையும் ஒரே பையில் வைத்து எங்கே போனாலும் எடுத்துப் போங்கள். விலை இறங்கிய ராத்திரி ‘ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும்’ என்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் வரும்தான், பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைத்து காலையில் பி.பி.யை ஏற்றும். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வேர்வை என்றால் ‘டென்ஷன்தான், படுத்தால் சரியாகும்’ என்று மட்டும் இருக்காதீர்கள். உடனே 108.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நாலு மாதம் முன்பு டெங்கு வந்தது. இப்போது தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. டென்ஷனில் வழுக்கை ஆகிவிடுமா?
— வாசகி, போடி

ஆகாதும்மா. பெரிய காய்ச்சலோ பெரிய அதிர்ச்சியோ வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அவை உதிரும். அதனால் இப்போது கொட்டுவதற்குக் காரணம் இப்போது நடப்பதை விட அன்றைக்கு நடந்ததுதான். வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று திரும்ப முளைக்கும். இரும்புச் சத்தும் தைராய்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தால் அது வேறு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெய்க்கும் ஷாம்புக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

அப்பாவுக்கு 63 வயது. சாந்தாம்பாறை பக்கம் தோட்ட வேலை. முட்டி வலிக்கு மெடிக்கலில் கவரில் போட்டுத் தரும் மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார், சாப்பிட்டால் வலி பறந்துவிடுகிறது என்கிறார். இப்போது முகம் உப்பி, கை கால் மெலிந்து, தொட்டாலே ரத்தம் கட்டுகிறது. டென்ஷன் ஹார்மோன் கூடினால் இப்படி ஆகும் என்று யாரோ சொன்னார்கள்.
— வாசகர், போடி

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது, நீங்களும் இன்றைக்கே கவனிக்க வேண்டும். அந்தக் கவரில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பலமாகச் சந்தேகிக்கிறேன். ஸ்டீராய்டு என்றால் கார்டிசாலின் சகோதர மருந்துகள், டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று மாத்திரையாகத் தருகிறார்கள். நல்ல மருந்து அது. இந்த வகையில் கார்டிசோன் என்ற மருந்தை 1948-இல் அமெரிக்காவில் வாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கொடுத்தபோது சில நாளில் எழுந்து நடந்தார், கண்டுபிடித்தவர்களுக்கு 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கணக்கில்லாமல் மாதக்கணக்கில் தின்றால் நீங்கள் எழுதியிருக்கிற அத்தனையும் வரும், கூடவே எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை விழும்.

இதில் ஒன்றை மறக்கவே கூடாது. மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியில் இருந்து கார்டிசால் வந்துகொண்டே இருந்ததால் அவருடைய அட்ரினல் சுருங்கிப்போய்த் தூங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பி.பி. சரிந்து உயிருக்கே ஆபத்து. அந்தக் கவரையும் மிச்ச மாத்திரையையும் எடுத்துக்கொண்டு தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்களுக்குப் பக்கத்து பெரிய மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அப்பாவைத் திட்டாதீர்கள், வலியோடு சரிவில் நாள் பூரா நிற்க வேண்டியிருந்ததால்தான் அந்தக் கவரைத் தேடிப் போனார்.

ஆன்லைனில் கார்டிசால் டெஸ்ட் பேக்கேஜ் விளம்பரம் வருகிறது. ‘அட்ரினல் களைத்துவிட்டது’ என்று சொல்லி பவுடரும் விற்கிறார்கள். அமுக்கரா (அசுவகந்தா) சாப்பிட்டால் டென்ஷன் குறையுமா?
— வாசகர், குமுளி

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். கார்டிசால் காலையில் எழுந்த அரை மணி, முக்கால் மணியில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடியில் இருக்கும், ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கூடும். ஒரு தடவை ரத்தம் எடுத்து ‘உங்கள் டென்ஷன் இவ்வளவு’ என்று அளக்க முடியாது. கார்டிசால் நோயாகக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சந்தேகம் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பரிசோதனை, அதற்கும் குறிப்பிட்ட நேரமும் முறையும் உண்டு. ‘அட்ரினல் களைப்பு’ என்று ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அட்ரினல் நிஜமாகவே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு, அது அபூர்வம், அதற்குப் பவுடர் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார்.

அமுக்கராவைப் பொறுத்தவரை, மன அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம், சிலருக்கு ஈரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. மற்றவர்களும் சித்த மருத்துவரைக் கேட்டே சாப்பிடுங்கள்.

ஜீப் டிரைவர், வயது 31. காலையில் நாலு மணிக்கு வண்டி எடுக்கணும், ராத்திரி படுக்கப் பதினொன்று. நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண். கல்யாணமாகி ஒரு வருடம், தாம்பத்யத்தில் ஆசையே வருவதில்லை. நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு என்ன குறை?
— வாசகர், கூடலூர்

தம்பி, எழுதினீர்களே, அது நல்லது. முதலில் வயிறு. டென்ஷனால்தான் அல்சர் என்று ரொம்ப காலம் எல்லா டாக்டர்களும் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டிய பிறகுதான் மாறியது, 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கும், வலி மாத்திரைகளால் வரும் புண்ணுக்கும் சிகிச்சை உண்டு. டென்ஷன் எரிச்சலைக் கூட்டும், வெறும் வயிற்றில் நாலு கட்டனும் பீடியும் அதைவிடக் கூட்டும். கறுப்பாக மலம் போனாலோ வாந்தியில் ரத்தம் வந்தாலோ காத்திருக்காதீர்கள்.

அடுத்தது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. உங்கள் கணக்குப்படி தூக்கம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் தூக்கத்தில்தான் கூடுகிறது. சிகாகோவில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், 2011-இல் வெளியான அந்த ஆய்வில் பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. பத்தே பேர் என்பதால் சின்ன ஆய்வுதான், ஆனால் உங்களை மாதிரி வருடக்கணக்கில் குறைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஆசை மங்குவதில் ஆச்சரியம் இல்லை, உங்களிடம் எந்தக் குறையும் இருப்பதாக நான் இப்போது நினைக்கவில்லை. இரண்டு நடை ஜீப்புக்கு நடுவில் காலையில் பத்து மணியிலிருந்து மதியம் வரை வண்டி சும்மா நிற்குமே, அப்போது செல்போனைத் தூர வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் படுங்கள். தூக்கக் கலக்கத்தில் வளைவுகளில் பதினைந்து பேரை ஏற்றிப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். இரண்டு மாதத்தில் மாறவில்லை என்றால் சர்க்கரை, தைராய்டு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் பார்க்கலாம். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களிடம் போகவே வேண்டாம். மனைவியிடம் பேசுங்கள், ஒரு வருடமாக அந்தப் பெண் தன்னிடம் என்ன குறை என்று யோசித்துக்கொண்டு இருந்திருப்பார்.

மாமியாருக்கு மறதி நோய், மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து வெளியே போகப் பார்ப்பார். எனக்கு மாதாமாதம் சளி பிடிக்கிறது, அரிவாள்மனையில் வெட்டிய விரல் ஒரு மாதமாகியும் ஆறவில்லை, சர்க்கரை இல்லை என்கிறார்கள். சில நாள் அவர் மேல் கோபம் வந்து கத்திவிடுகிறேன், அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். நான் கெட்டவளாகிவிட்டேனா?
— வாசகி, உத்தமபாளையம்

இல்லம்மா. உங்கள் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

உங்கள் நிலைமையில் இருந்தவர்களையே வைத்து அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு ஆய்வு நடந்தது, 1995-இல் வெளியானது. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரி சின்னக் காயம் செய்து, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. சளிக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. 1991-இல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தில் 394 பேருக்கு மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுவிட்டுத் தனியாக வைத்துப் பார்த்தார்கள், மன அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. கார்டிசால் மிதமிஞ்சி நீண்ட நாள் இருந்தால் நோய் எதிர்ப்பு அணுக்கள் சரியாக வேலை செய்யாது, காயத்துக்கு வர வேண்டியவை தாமதமாக வரும். ஆகவே உங்கள் விரல் ஆறாததும், நீங்கள் கத்திவிடுவதும் ஒரே களைப்பின் இரண்டு பக்கம். நீங்கள் கெட்டவராக இருந்தால் அழ மாட்டீர்கள்.

விரலை மட்டும் அப்படியே விடாதீர்கள். ஒரு மாதம் ஆறாத காயத்தை ஒரு அறுவை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும், ரத்தசோகையும் சர்க்கரையும் திரும்பவும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு ராத்திரி ஏன் தூக்கம் கலைகிறது என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம், பகலில் அவரை வெயிலில் கொஞ்சம் நடக்க வைத்தால் ராத்திரி நடமாட்டம் சிலருக்குக் குறையும். வாசல் கதவுக்கு அவர் கண்ணில் படாத உயரத்தில் தாழ்ப்பாளும் ஒரு சின்ன மணியும் வையுங்கள், அந்தச் சத்தம் கேட்டு எழுந்தால் போதும், சும்மா சும்மா விழித்துப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்கும் நாத்தனார்களுக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: வாரத்தில் இரண்டு ராத்திரி அம்மாவின் பக்கத்தில் நீங்கள் படுக்க வேண்டும், வந்து பார்த்துவிட்டுப் பழம் கொடுத்துவிட்டுப் போவது இதில் சேராது. அந்த இரண்டு ராத்திரியும் இவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால், தம்பி தங்கை யாரும் கிடைக்காத நடு ராத்திரியிலும் ‘டெலி மானஸ்’ எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். சாக வேண்டும் போலவோ, அவரை ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாகவோ ஒரு நொடி தோன்றினாலும் அந்த நொடியே கூப்பிடுங்கள்.

விரல் ஆறியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.